கேட்க ஒரு செவி: மறைவான பாவமும் பாவ அறிக்கையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். வாதம் அப்படியே இருக்கிறது.)



என் தகப்பனார் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை. ஆராதனை முடிந்து, ஊர் அடங்கிய பிறகு, எங்கள் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் செருமுவார். அம்மா எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவார். திண்ணையில் அரிக்கேன் விளக்கு திரியைத் தாழ்த்தி வைத்திருக்கும். வந்தவர் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவார். அப்பா பெரும்பாலும் பேசமாட்டார். கடைசியில் இருவரும் முழங்கால் போடுவது தெரியும். பிறகு அவர் போய்விடுவார். சாப்பிட உட்காரும்போது அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடன் கேட்டு வருகிறார்கள் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

நானும் குருவானவனாகி, திருச்சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த மாதிரி என் வாசலில் வந்து செருமியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானும் எவர் வாசலுக்கும் அப்படிப் போனதில்லை. என் தகப்பனார் காலத்தில் இருந்த பாவங்கள் இப்போது தீர்ந்துவிட்டன என்று இங்கே யாரும் சொல்லமாட்டீர்கள். அப்படியானால் தீர்ந்துபோனது எது? அதைத்தான் இன்று உங்களோடு யோசிக்க வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைவான பாவத்துக்கு அதன் மறைவுதான் பலம். கடவுளுக்கு எதுவும் மறைவில்லை. ஆகவே பாவ அறிக்கை அவருக்குத் தகவல் சொல்வதற்காக ஏற்பட்டது அல்ல. மறைவு முழுக்க மனிதரிடமிருந்து. அதை உடைக்க ஒரு மனிதச் செவி வேண்டும். சீர்திருத்தச் சபைகளாகிய நாம் அந்தச் செவியை யாரும் பறிக்காமலேயே இழந்துவிட்டோம்.

1. மறைப்பு எதை வளர்க்கிறது

தாவீதின் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். நாம் அதை ஒரு காம இச்சையின் கதையாகவே பிரசங்கிக்கிறோம். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் பதினோராம் அதிகாரத்தை எடுத்து, எந்த வசனம் எதற்குச் செலவாகிறது என்று பாருங்கள். பத்சேபாளோடு அவன் செய்த பாவம் சில வசனங்களில் முடிந்துவிடுகிறது. மீதி அதிகாரம் முழுவதும் மறைப்பு. அவள் கருவுற்ற செய்தி வருகிறது. போர்க்களத்திலிருந்து அவள் கணவன் உரியாவை அழைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறான். உரியா அரண்மனை வாசலில் காவலரோடு படுத்துக்கொள்கிறான். மறுநாள் குடிக்கவைத்துப் பார்க்கிறான். அப்போதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் படைத்தலைவன் யோவாபுக்கு ஒரு கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். தன் சாவோலையைத் தானே சுமந்துகொண்டு போனான் அந்தப் படைவீரன்.

பத்சேபாளைக் கண்ட அன்று மாலை மாடியில் உலாவியபோது தாவீது கொலைகாரன் அல்ல. மறைக்கத் தொடங்கிய பிறகுதான் கொலைகாரன் ஆனான். அவனோடு சேர்ந்து யோவாபும் கறைபட்டான். அந்தப் போர்முனையில் உரியாவோடு வேறு வீரர்களும் செத்தார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பேர் வேலை செய்யவேண்டியிருக்கிறது!

தீர்க்கதரிசி நாத்தான் வந்தபோது குழந்தை பிறந்துவிட்டது. அதாவது, ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல் அந்த அரசன் பலி செலுத்திக்கொண்டும் தீர்ப்பு வழங்கிக்கொண்டும் இருந்திருக்கிறான். ஜெபித்தும் இருப்பான். கடவுளோடு பேசிக்கொண்டிருந்தும் அவன் மறைவு உடையவில்லை. இந்த இடத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். அந்த மறைவை உடைக்க ஒரு மனிதன் வாசலில் வந்து நின்று, ஏழையின் ஆட்டுக்குட்டியைப்பற்றிக் கதை சொல்லவேண்டியிருந்தது.

இன்னொரு வகை மறைவும் உண்டு. பத்தொன்பதாம் சங்கீதத்தைப் பாடியவர், தனக்கே தெரியாத பிழைகளிலிருந்து தன்னை விடுவிக்கும்படி கேட்கிறார். பிறரிடம் நாம் மறைத்தவை ஒரு பக்கம். நம்மிடமே மறைந்திருப்பவை மறுபக்கம். முதலாவதை நீண்ட நாள் செய்தால் இரண்டாவது வந்துவிடும். மறைத்தவன் ஒருநாள் மறந்தும்போகிறான்.

2. சபை கேட்ட விதங்கள்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; இதில் நூற்றாண்டுகளைத் தாண்டித் தாண்டித்தான் போகவேண்டும்.

கி.பி. 250இல் பேரரசன் தேசியுஸ், எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் உயிர் கொடுத்தார்கள். பலர் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கையில் இரத்தமும் இல்லை, தூபப் புகையும் இல்லை. ஒரு துண்டு பப்பைரஸ் மட்டும். கிறிஸ்தவ வரலாற்றில் மறைவான பாவத்துக்கு இதைவிடத் துல்லியமான உருவத்தை நான் கண்டதில்லை.

கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் 251இல் இவர்களைப்பற்றி எழுதிய நூலில் ஒரு பகுதி என்னை அசைத்தது. பலியிடவும் இல்லை, சான்றிதழ் வாங்கவும் இல்லை, ஆனால் அப்படிச் செய்துவிடலாமா என்று மனதில் எண்ணியவர்கள் சிலர் தாமாகவே வந்து அதை அறிக்கையிட்டார்கள் என்கிறார். அவர்களைப் பாராட்டுகிறார். உலகில் எந்த நீதிமன்றமும் விசாரிக்கமுடியாத குற்றத்துக்காக அவர்கள் வந்து நின்றார்கள்.

அக்காலத்தில் பெரும் பாவங்களுக்குப் பகிரங்கமான தவமே வழி. ஆலய வாசலில் நின்று வருவோர் போவோரிடம் ஜெபிக்கும்படி கேட்கவேண்டும். அது ஞானஸ்நானத்துக்குப் பிறகு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். ஆகவே பலர் மரணப்படுக்கைவரை தள்ளிப்போட்டார்கள். ஊரே கேட்கும் செவியாக இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதைச் சபை மெல்லக் கற்றுக்கொண்டது. 459இல் போப் முதலாம் லேயோ, மனந்திரும்பினவர்களின் பாவங்களை எழுதிவைத்து எல்லோர் முன்பும் வாசிக்கும் வழக்கத்தைக் கண்டித்து, குருவிடம் இரகசியமாகச் சொன்னால் போதும் என்று இத்தாலிய ஆயர்கள் சிலருக்கு எழுதினார். அயர்லாந்துத் துறவிகள், வாழ்நாளில் ஒருமுறை என்பதை எத்தனை முறையும் என்று மாற்றினார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயதுவந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் குருவிடம் அறிக்கையிடவேண்டும் என்று விதித்தது. அதே விதியின் இரண்டாம் பாதியை நாம் மறந்துவிடக்கூடாது. கேட்டதை வார்த்தையாலோ குறிப்பாலோ வெளிப்படுத்தும் குருவைப் பதவியிறக்கி, வாழ்நாள் முழுவதும் தவம் செய்யும்படி மடத்தில் அடைக்கவேண்டும் என்கிறது அது. சொல்பவனுக்கு ஒரு கடமை. கேட்பவனுக்கு அதைவிடக் கடுமையான கடமை.

3. தமிழில் திறந்த செவி

தமிழ் எழுத்தில் அச்சேறி இன்றுவரை நமக்குக் கிடைத்திருக்கும் முதல் மூன்று நூல்கள் எவை என்று மாணவர்களைக் கேட்டால், தம்பிரான் வணக்கம், 1578, கொல்லம் என்பார்கள். கிரிசித்தியானி வணக்கம், 1579, கொச்சி என்பார்கள். மூன்றாவதைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். 1580இல் கொச்சியில் அச்சான அந்த நூலின் பெயர் 'கொம்பெசயோனாயரு'. போர்த்துகீசியச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிய பெயர் அது. பாவ அறிக்கை செய்வது எப்படி என்பதற்கான கையேடு. அதன் படி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

இதை எண்ணிப்பாருங்கள். தமிழ் எழுத்து அச்சுக்கு வந்த மூன்றே ஆண்டுகளில், ஒரு மனிதன் தன் மறைவை எப்படித் திறப்பது என்பதற்கு ஒரு நூல். திருக்குறள் அச்சேற இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்கவேண்டும்.

அந்தக் கையேட்டைச் செய்தவர் என்றிக்கே என்றிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு. தமிழர் வாயில் அண்டிரிக் அடிகளார். 1520இல் போர்ச்சுகலில், யூத வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். முத்துக்குளித்துறைக்கு வந்து, அரை நூற்றாண்டு பரதவர் நடுவில் வாழ்ந்து, 1600இல் இறந்தார். பரதவர் 1530களிலேயே பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542இல் வந்த சவேரியார் ஜெபங்களைத் தமிழாக்க உள்ளூர்க்காரர் துணையை நாடவேண்டியிருந்தது. ஜெபத்தை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். பாவ அறிக்கையை? கடலுக்குப் போன கணவன் திரும்பாத ஆண்டில் தான் செய்த ஒன்றை ஒரு பெண் சொல்லவேண்டுமானால், நடுவில் ஒரு துபாஷியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? அண்டிரிக் அடிகளார் சில ஆண்டுகளிலேயே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசும் அளவுக்குத் தமிழ் கற்றார். ஐரோப்பியருக்காகத் தமிழ் இலக்கணமும் எழுதினார். அந்த உழைப்பின் காரணங்களில் ஒன்று இந்தச் செவிதான் என்று நான் நம்புகிறேன்.

சொற்களையும் ஒரு நிமிடம் பார்ப்போம். கத்தோலிக்கத் தமிழில் இதற்குப் பழைய பெயர் பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் எடுத்துரைத்தல். புகழ்ந்து பாடுதல் என்றும் பொருள். சீர்திருத்தச் சபைத் தமிழில் பாவ அறிக்கை என்கிறோம். அதே 'அறிக்கை' விசுவாச அறிக்கையிலும் வருகிறது. லத்தீனில் அகுஸ்தீன் தன் நூலுக்கு வைத்த தலைப்புச் சொல்லிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் கடவுளைப் புகழ்வதும் ஒரே சொல். இது மூன்று மொழிமரபுகளிலும் தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் பாவத்தைக் குரலெடுத்துச் சொல்பவன், அதை மன்னிக்க ஒருவர் இருக்கிறார் என்ற விசுவாசத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறான். விசுவாசம் இல்லாதவன் ஏன் சொல்லப்போகிறான்? இன்று கத்தோலிக்கர் 'ஒப்புரவு அருளடையாளம்' என்கிறார்கள். ஒப்புரவு வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே வைத்த சொல். ஊரோடு இசைந்து வாழ்வது. மறைவு ஒருவனை ஊரிலிருந்து பிரிக்கிறது. அறிக்கை அவனை ஊருக்குள் திரும்பக் கொண்டுவருகிறது. அந்தப் பெயர்மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

4. 'நாங்கள்' என்ற சொல்லுக்குள்

நம் சபைக்கு வருகிறேன். லூத்தர் பாவ அறிக்கையை ஒழித்தார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1517இல் அவர் எதிர்த்தது மன்னிப்புப் பத்திர வியாபாரத்தை. 1522இல் விட்டன்பர்க் பிரசங்கங்களில், தனியே செய்யும் பாவ அறிக்கையைத் தன்னிடமிருந்து எவரும் பறிக்க விடமாட்டேன் என்றே பேசினார். அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் பாவ அறிக்கைக்கு இடம் உண்டு. 1530இன் அக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தனிப்பட்ட பாவ மன்னிப்பைச் சபைகள் விட்டுவிடக்கூடாது என்கிறது. எல்லாப் பாவங்களையும் எண்ணி ஒப்பிக்கவேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் நீக்குகிறது. அதற்கு அது காட்டும் ஆதாரம், நாம் முன்பு பார்த்த அதே பத்தொன்பதாம் சங்கீதம். தன் பிழைகள் அனைத்தையும் அறிந்தவர் யார்? 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு இந்த மரபிலிருந்து வந்தவர். திருநெல்வேலிக்கு வந்த ஆங்கிலிக்க ஜெபப்புத்தகமும், மனச்சாட்சியில் அமைதி காணமுடியாதவர் ஓர் ஊழியரிடம் வந்து தன் துயரத்தைத் திறக்கலாம் என்று திருவிருந்துக்கு முன் அழைக்கிறது. எந்த வழியாகப் பார்த்தாலும் நம் பாட்டன்மார் அந்தக் கதவைச் சாத்தவில்லை.

பிறகு அது எப்படிச் சாத்திக்கொண்டது? ஞாயிறு ஆராதனையின் பொது அறிக்கையை நினைத்துப்பாருங்கள். எல்லோரும் முழங்கால் போட்டு, ஒரே குரலில், 'நாங்கள்' பாவம் செய்தோம் என்கிறோம். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு சொற்கள் உண்டு. முன்னிற்பவரைச் சேர்க்காததால் கடவுளிடம் 'நாங்கள்' என்கிறோம். இலக்கணப்படி மிகச் சரி. ஆனால் அந்த 'நாங்கள்' ஒரு பெரிய கூட்டம். அதற்குள் ஒரு 'நான்' வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம். என் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவர் என் பாவத்தைத் தன் வாயாலும் சொல்லிவிடுகிறார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் நாற்பது வருடமாக அந்த வார்த்தைகளைச் சொல்கிறேன். அவற்றை நேசிக்கிறேன். அவற்றுக்குள் ஒளிந்தும் இருக்கிறேன்.

கன்வென்ஷன் மேடைகளில் சொல்லப்படும் சாட்சிகள் செவியைத் திரும்பக் கொடுத்துவிட்டன என்று சிலர் சொல்லக்கூடும். கவனித்துக் கேளுங்கள். அவை எல்லாம் இரட்சிக்கப்படுவதற்கு முந்தைய பாவங்கள். குடித்தேன், சூதாடினேன், ஆண்டவர் தொட்டார் என்பார்கள். போன வாரம் செய்ததை அங்கே யாரும் சொல்வதில்லை.

ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் இந்த இழப்பைக் கண்டுகொண்டார். 1935 முதல் 1937இல் கெஸ்டாபோ மூடும்வரை ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய இறையியல் பள்ளியில், திருவிருந்துக்கு முன் மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யலாம் என்று அழைத்தார். லூத்தரன் மாணவர்களுக்கே அது புதிதாகவும் சங்கடமாகவும் இருந்தது. அவரே முதலில் ஓர் இளைய சகோதரரிடம் போய்த் தன் அறிக்கையைக் கேட்கும்படி வேண்டினார். 1939இல் வெளியிட்ட சிறு நூலில் அவர் கேட்கும் கேள்வியை என் வார்த்தையில் சொல்கிறேன்: நம்மைப்போன்ற ஒரு பாவியிடம் சொல்லக் கூசுகிறோம், பரிசுத்தராகிய கடவுளிடம் சொல்லக் கூசவில்லை, அப்படியானால் உண்மையில் நாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? நம்மிடமே சொல்லி, நமக்கு நாமே மன்னிப்பும் வழங்கிக்கொள்கிறோமோ? இந்தக் கேள்வியைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

'நாங்கள்' என்று சொல்லியே தீரவேண்டிய பாவமும் உண்டு. நம் ஊர்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருப்பது எந்தச் சபையானுக்கும் மறைவல்ல. ஆனால் எந்தப் பொது அறிக்கையிலும் அது பெயர்சொல்லி வருவதில்லை. ஊரே சேர்ந்து மறைக்கும்போது, கண்ணெதிரே இருப்பதும் மறைவான பாவமாகிவிடுகிறது. அங்கே தனிச்செவி போதாது. பீடத்திலிருந்து அதன் பெயரைச் சொல்லவேண்டும்.

5. செவி காட்டிக்கொடுத்தால்

செவியைப் புகழ்ந்து பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். 2018இல் கேரளத்தில், பாவ அறிக்கையில் கேட்டதை வைத்துக் குருக்கள் தன்னை மிரட்டிச் சீரழித்ததாக ஒரு பெண்ணின் புகார் வெளிவந்தது. அந்த ஜூலையில் தேசிய மகளிர் ஆணையம் பாவ அறிக்கை முறையையே ஒழிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. சபைகள் கொதித்தன. மத சுதந்திரத்தில் தலையீடு என்று அறிக்கைகள் வந்தன. அந்த வாதத்தில் சட்ட நியாயம் இருக்கலாம். ஆனால் 1215இன் விதியின் இரண்டாம் பாதியை அன்று உரத்துப் பேசியவர்கள் மிகக் குறைவு.

இந்த அச்சம் புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் மிலானின் பேராயர் சார்லஸ் பொரோமேயோ, குருவுக்கும் அறிக்கையிடுபவருக்கும் நடுவே தடுப்பும் கம்பிவலையும் வைத்த மரக்கூண்டை வலியுறுத்தினார். கேட்பவனுடைய கையிலிருந்து சொல்பவளைக் காக்க ஏற்பட்ட தடுப்பு அது.

மற்றொரு பக்கம், குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகள். 2017இல் முடிந்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், பாவ அறிக்கையில் கேட்டது என்ற காரணத்தால் கூட இவற்றை மறைக்க விலக்குத் தரக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் 2012இன் போக்சோ சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. கத்தோலிக்க நண்பர்களுக்கு அறிக்கையின் முத்திரை எவ்வளவு புனிதமானது என்று அறிந்தே பேசுகிறேன். அவர்கள் சார்பில் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. என் சபை ஊழியர்களுக்குச் சொல்வேன்: ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கும்போது உன் மௌனம் பாவியின் மறைவை இன்னொரு சுவர் வைத்துக் கட்டுகிறது. சட்டம் கேட்பதைச் செய். அவனோடு காவல் நிலையம்வரை நட, உள்ளேயும் போ, அவனைக் கைவிடாதே. மன்னிப்பு தண்டனையை ரத்துசெய்யும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. தாவீதின் வீட்டைவிட்டு வாள் விலகவே இல்லை.

6. வரப்பு

அப்பா இறந்த மூன்றாம் நாள், வீட்டு ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, எழுபது தாண்டிய ஒரு பெரியவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைத் தெரியும்; எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், தன் அண்ணன் வெளியூர் போயிருந்த கோடையில், இருவர் நிலத்துக்கும் நடுவிலிருந்த வரப்பை ஒரு முழம் தள்ளிப்போட்டாராம். எல்லைக்கல்லையும் பிடுங்கி நட்டாராம். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த ஒரு முழத்தில் விளைந்ததை அண்ணனுக்குத் தெரியாமல் ஆலயத்துக்குக் காணிக்கையாகவே கொடுத்துப் பார்த்தாராம். நெஞ்சு ஆறவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். அண்ணன் பிள்ளைகள் எதிரில் வந்தால் வேறு பாதையில் திரும்பினார். ஒரு முழ மண்ணுக்காக ஒரு குடும்பத்தையே இழந்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வாசலில் வந்து செருமினார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அதட்டவில்லை. ஜெபித்தார். அடுத்த நாள் திருவிருந்துக்கு வராதே என்றும் சொல்லவில்லை. "விடியட்டும், ரெண்டு பேருமாப் போவோம்" என்று மட்டும் சொன்னாராம். ஞாயிறு காலை முதல் மணி அடிக்குமுன் இருவரும் அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்கள். அண்ணன் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு உள்ளே போய் மூன்று பேருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாராம். அறுவடை முடிந்ததும் கல்லைப் பழைய இடத்தில் நட்டார்கள். ஊர் அதைச் சர்வேயர் திருத்தினது என்று நினைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சாகும்வரை என் தகப்பனார் எங்கள் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

சொல்லி முடித்துவிட்டுப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். நான்கு ஆண்டு இறையியல் படித்து, பட்டங்கள் வாங்கி, மற்றவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உபதேசியாரய்யா இருந்தாக, வந்து சொன்னேன். இனிம நான் யார்ட்ட போய்ச் சொல்லுவேன், தம்பி?"